எடைமேடை

வாளையார் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இடதுகைப் பக்கம்,
லாரிகள் இப்போது ஏறாத ஓர் எடைமேடை.
இரும்புத் தகடு. என் எட்டில் பத்து நீளம், ஐந்து அகலம்.
கயிறு கிடையாது, மூலை கிடையாது,
விளிம்பு தாண்டினால் நெருஞ்சி.

ஞாயிறு, ஐந்தரை மணி.
பிரசீதா கஞ்சிக்கோட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள்,
ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் கையுறை தொங்க,
பலாக்காய் விற்கப் போகிறவள் மாதிரி.
நான் மதுக்கரையில் பஸ் ஏறுவேன்.
வாரம் முழுக்கச் சிமெண்ட் மூட்டைக்குக் கணக்கு எழுதிய விரல்களில்
பட்டி சுற்றிக்கொண்டே வருவேன்.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார்:
"அடி பட்டுருச்சுங்களா?"
"இனிமேத்தானுங்க."

முதல் சண்டை வெயிலுக்காக.
மேற்கே பார்த்து நிற்பவள் பாதிக் குருடு.
ஆகவே சுற்றுவோம், சுற்றுவோம்,
ஒருத்தி கண்ணுக்குள் ஒருத்தி
சூரியனைத் தள்ளிவிடப் பார்த்து.
கணவாய்க் காற்றும் அதே கட்சி,
அதுவும் பாலக்காட்டிலிருந்துதான் வருகிறது.
ஆனி மாதத்தில்
மேற்குக்கு முதுகு காட்டியவளுக்கு மூன்று கை.

மணி அடிக்க ஆளில்லை.
கூட்ஸ் வண்டி கடந்து முடிக்கும்வரை ஒரு ரவுண்டு.
யானை குறுக்கே வரும் இடம் என்று வண்டி ஊர்ந்தால்
ரவுண்டும் ஊரும்.
ஒருநாள் ஐம்பத்தெட்டுப் பெட்டி.
கடைசிப் பெட்டி போனபோது தோள் என்னுடையதாக இல்லை.
ரயில்வேயை இரண்டு மொழியில் திட்டினோம்.

தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஒருவர்
டீ கிளாசோடு வந்து நின்றார்.
"ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"
"ஒரு தகராறும் இல்ல சேட்டா."
ஏமாந்த முகத்தோடு லாரிக்குப் போனார்.

அடி வாங்குவதில் என்ன சுகம் என்று என் தம்பி கேட்கிறான்.
வாங்காத அடியைப் பற்றிச் சொல்லலாம்:
காதோரம் உரசிப் போகும் தோலின் காற்று,
அதில் கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் தேங்காயெண்ணெய்.
வாங்கிய அடியைப் பற்றியும் சொல்லலாம்:
மூக்கில் ஒரு வெள்ளை, கண்ணில் தானாக நீர்,
அதற்குள் அவள் கை இறங்கி,
"ஓக்கே?" என்று புருவத்தால் கேட்டுவிடும்.
ஆனால் அவனிடம் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது.
என் தோளை இவ்வளவு உற்று
யாரும் பார்த்ததில்லை.
நான் நினைப்பதற்கு அரை நொடி முன்பே
அவளுக்கு அது தெரிகிறது.

தகட்டின் ஒரு முனை தளர்ந்திருக்கிறது.
என் இடதுகால் அங்கே பட்டால் டங்.
டங் கேட்டால் அடுத்து வலதுகை என்று
கண்டுபிடித்துவிட்டாள், பாவி.
மூன்று வாரம் என் வலதுகை
அவள் இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்பியது.
நாலாவது வாரம்
டங் என்று மிதித்துவிட்டுச் சும்மா நின்றேன்.
குனிந்தாள், யாருமில்லாத சந்நிதியில் குனிவதுபோல.
நிமிரும் நெற்றியில் என் இடதுகை போய் உட்கார்ந்தது,
மெதுவாகத்தான்,
திருநீறு இடும் அளவுக்கு.

கறுப்பு ரப்பர் தெரியச் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே விலாவில் இரண்டு கொடுத்தாள்,
அது திருநீறு இல்லை.

உடைந்த கண்ணாடிப் பெட்டிக்குள் முள்
பூஜ்ஜியத்திலேயே கிடக்கிறது.
இரண்டு பேரும் சேர்ந்து நூற்றிப் பதினாலு கிலோ,
இத்தனை குதித்தும் அதற்கு நாங்கள் வரவில்லை.

வெளிச்சம் போனதும் முழங்காலில் கையூன்றி
"மதி" என்றாள்.
அவள் பேச்சில் அது போதும்.
நான் கிழக்கே திரும்பிவிட்டேன்.
மதுக்கரைப் பக்கம், சுண்ணாம்புத் தூசிக்கு மேலே,
முழுசாக இருந்தது.
"ஆமாம், மதி" என்றேன்.
"எந்தா?"
பல்லால் அவள் மணிக்கட்டுப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்,
பதில் சொல்ல வாய் இல்லை.
இன்னொரு கூட்ஸ் கூவியது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
பட்டையைத் திரும்ப ஒட்டினேன்.